திங்கட்கிழமையும் கர்த்தருடையது: அன்றாட வாழ்வை ஒப்புக்கொடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு

திருநெல்வேலிச் சீமையில் கோயிலுக்கும் ஜெபத்துக்கும் குறைவில்லை. பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம் என்று சொல்கிற கிறிஸ்தவக் கோயில் 1826-இலிருந்து நிற்கிறது. மெஞ்ஞானபுரம், நாசரேத், இடையன்குடி, சாயர்புரம், டோனாவூர் என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே சபை வரலாறும் கூடவே வந்துவிடும். மணப்பாடு, வடக்கன்குளம் பக்கம் போனால் கத்தோலிக்கச் சபையின் கதை இன்னும் பின்னால் போகிறது. விடியற்கால மணி, மாலை ஜெபம், பெண்கள் ஐக்கியம், உபவாச ஜெபம், லெந்து என்கிற தவக்காலக் கூட்டங்கள், பிரதிஷ்டைப் பண்டிகை, அசனம் என்கிற சபை விருந்து என்று வருடம் முழுக்க ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறது.

இதற்கு நடுவில்தான் புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். பிறந்ததிலிருந்து கோயிலுக்கு வந்து, திடப்படுத்தலும் (விசுவாசத்தை உறுதிசெய்கிற ஆராதனை) பெற்று, இப்போதுதான் இதை மனதாரப் பிடித்துக்கொள்ள நினைக்கிற பிள்ளைகளும் அப்படித்தான். "என் வாழ்க்கை முழுவதும் உமக்கே" என்று ஜெபித்துவிட்டு எழுந்ததும், இனி இன்னும் நாலு கூட்டத்துக்குக் கூடுதலாகப் போக வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கூட்டத்துக்குப் போவது நல்லதுதான். ஆனால் கோயிலில் இருக்கிற நேரம் வாரத்தில் மிகக் கொஞ்சம். மீதி நேரமெல்லாம் கடையில், வயலில், ஆபீஸில், பஸ்ஸில், அடுப்படியில் போகிறது. அந்த நேரத்தை எப்படிக் கொடுப்பது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சகரியா தீர்க்கதரிசனத்தின் கடைசி அதிகாரத்தில் ஒரு காட்சி உண்டு. பிரதான ஆசாரியருடைய தலைப்பாகையின் பொற்பட்டத்தில் மட்டும் இருந்த "கர்த்தருக்குப் பரிசுத்தம்" என்ற எழுத்து, அந்த நாளில் குதிரைகளின் மணிகளில்கூட எழுதியிருக்குமாம். எருசலேமிலும் யூதாவிலும் உள்ள எல்லாப் பானைகளும் கர்த்தருக்குப் பரிசுத்தமாயிருக்குமாம். சோறு பொங்குகிற பானை! அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். செய்முறைக்கு வருவோம்.

முதலில், நேற்றைய நாளை எழுதுங்கள்

புதிதாக எதையும் சேர்க்கும் முன், ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு நோட்டை எடுத்து, நேற்று எழுந்ததிலிருந்து படுத்தது வரை என்னென்ன செய்தீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். தண்ணீர் பிடித்தது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியது, வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றது, மதியம் கடன்காரர் ஃபோன் பண்ணியது, இரவு ஃபோனைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனது என்று எல்லாம் வரட்டும். நல்லது கெட்டது என்று பக்கத்தில் தீர்ப்பு எழுத வேண்டாம்.

எழுதி முடித்ததும் மூன்று வகை இடங்களில் கோடு போடுங்கள்: பணம் கைமாறிய இடம், கோபமோ பயமோ வந்த இடம், உங்களைவிட வசதியோ அதிகாரமோ குறைந்த ஒருவரோடு பேசிய இடம். உங்கள் விசுவாசம் உண்மையில் நடமாட வேண்டிய இடங்கள் இவைதான்.

அதில் ஒன்றை மட்டும் எடுங்கள். ஒன்றே ஒன்று. கன்வென்ஷன் முடிந்த இரவில் பத்துத் தீர்மானம் எடுத்து, அடுத்த சனிக்கிழமைக்குள் பத்தையும் விட்டுவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராது" என்று ஒதுங்கிப் போனவர்கள் நம் ஊரில் நிறைய. ஒரு இடத்தில் ஒரு மாதம் நின்று பழகினால், அடுத்த இடம் தானாகவே கண்ணில் படும்.

காலை: அன்றைய நாளைப் பெயர் சொல்லிக் கொடுப்பது

ஃபோனை எடுக்கும் முன் கொஞ்ச நேரம். பத்து நிமிடம் போதும். அரை மணி நேரம் என்று தொடங்கினால் நீடிக்காது.

வேதம் வாசிக்கப் பழக்கமில்லாதவர்கள் ஆதியாகமத்திலிருந்து ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுபோவார்கள். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், ஒரு நாளைக்கு அரை அதிகாரம் வாசித்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். நீதிமொழிகளில் 31 அதிகாரம் இருக்கிறது, தேதிக்கு ஒன்றாக வாசிக்கலாம். தொழில் செய்கிறவர்களுக்கு அது மிகவும் உதவும். பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினமாக இருந்தால் எளிய மொழிபெயர்ப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

அப்புறம் ஜெபம். இங்கேதான் ஒரு சின்ன மாற்றம் செய்யச் சொல்கிறேன். "இந்த நாளை ஆசீர்வதியும்" என்று பொதுவாக முடித்துவிடாமல், அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். "ஆண்டவரே, பத்து மணிக்கு பேங்க் வேலை இருக்கு. அந்தக் கவுண்டர்ல இருக்கிறவரிடம் போன தடவை மாதிரி எரிந்து விழாமல் பேச உதவி செய்யும். சாயங்காலம் கொத்தனாருக்குக் கூலி கொடுக்கணும், அதை இழுத்தடிக்காமல் கொடுக்க மனசு தாரும்." இப்படி ஜெபித்துவிட்டுப் போகிறவருக்கு, பத்து மணிக்கு அந்தக் கவுண்டர் முன்னால் நிற்கும்போது ஜெபம் ஞாபகத்துக்கு வரும்.

எல்லாருக்கும் விடியற்காலை ஒத்துவராது. பதநீர்க் காலத்தில் பனையேறுகிறவர் இருட்டிலேயே கிளம்பிவிடுவார். நைட் டியூட்டி பார்க்கிற நர்ஸ் அம்மாவுக்குக் காலை எட்டு மணிதான் இரவு. அவர்கள் தங்கள் நாள் எப்போது தொடங்குகிறதோ அப்போது செய்யட்டும். நேரம் எதுவானாலும் தினமும் அதே நேரமாக இருப்பது நல்லது.

வேலைக்கு நடுவே

நெகேமியா அர்தசஷ்டா ராஜாவுக்குத் திராட்சரசம் கொடுக்கிற வேலையில் இருந்தவர். "நீ கேட்கிற காரியம் என்ன?" என்று ராஜா கேட்கிறார். பதில் சொல்வதற்குள் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபிக்கிறார். கண் மூடியிருக்க மாட்டார், முழங்கால் போட்டிருக்க முடியாது. ஒரு மூச்சு நேரம்தான். வேலைக்கு நடுவே செய்கிற ஜெபம் அப்படித்தான் இருக்கும்.

பாரிஸ் நகர மடம் ஒன்றில் சமையல் வேலை பார்த்த லாரன்ஸ் என்ற சகோதரர் 1691-இல் இறந்தார். பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும், ஆராதனையில் இருப்பதுபோலவே தேவனோடு இருக்கலாம் என்று அவர் சொன்னதும் வாழ்ந்ததும் இன்றைக்கும் உலகம் முழுவதும் பேசப்படுகிறது. எங்கள் பெரியம்மா அவரைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவள். "தட்டுல கை பாட்டுக்கு ஓடுது, வாயி சும்மாதான கெடக்கு மக்கா, அது ஜெபிக்கட்டும்" என்பாள். கட்டுக்கு ஒரு பெயர் என்று தெருவில் உள்ளவர்களை வரிசையாக வைத்து ஜெபிப்பாள்.

இதைப் பழகுவதற்கு எளிய வழி, தினமும் தவறாமல் நடக்கிற ஏதாவது ஒன்றோடு ஜெபத்தை முடிந்து வைப்பது. கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும்போது ஒரு வரி. டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது ஒரு வரி. திருச்செந்தூர் ரயிலில் தினமும் வேலைக்குப் போகிற ஒருவர், செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி என்று வண்டி நிற்கிற ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒருவருக்காக ஜெபிப்பதாகச் சொன்னார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்குக்கூடத் தெரியாது.

தராசு, கூலி, வட்டி

இந்தப் பகுதியில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். காலை ஜெபம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பணம் கைமாறும் இடத்தில் வேறு ஆளாக இருந்தால் நாள் ஒப்புக்கொடுக்கப்படவில்லை. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரம் தொடங்குகிறது. மளிகைக் கடை வைத்திருக்கிறவருக்கு இதைவிட நேரடியான வசனம் கிடையாது. தராசுக்குத் தொழிலாளர் துறையில் குறித்த காலத்துக்கு ஒரு முறை முத்திரை போட வேண்டும் அல்லவா? அதை ஒரு தொல்லையாக நினைக்காமல் ஆராதனையின் ஒரு பாகமாகச் செய்யுங்கள். உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வியாபாரம் செய்கிறவர் சீனி கலக்காமல் விற்கட்டும். காய்கறிக் கடைக்காரர் அழுகிய தக்காளியை அடியில் போடாமல் இருக்கட்டும். ஆட்டோ ஓட்டுகிறவர், ஊருக்குப் புதிதாக வந்து ஜங்ஷனில் இறங்குகிறவரிடம் கேட்கிற வாடகையும் உள்ளூர்க்காரரிடம் கேட்கிற வாடகையும் ஒன்றாக இருக்கட்டும்.

விவசாயிக்குத் தண்ணீர்தான் தராசு. தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் கார், பிசானம் இரண்டு பருவத்திலும் முறைத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு, இரவில் யாரும் பார்க்காத நேரத்தில் மடையைத் திருப்புகிற சோதனை தெரியும். கடைமடைக்காரனுடைய பயிர் வாடுவது யாருடைய கணக்கில் எழுதப்படும்? அறுப்பின் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு முதல் நெல்லைக் கொண்டுபோய் வைக்கிறோம். அந்த நெல் அடுத்தவன் முறைத் தண்ணீரில் விளைந்ததாக இருக்கக் கூடாது.

கூலி கொடுக்கிற இடத்தில் இருக்கிறீர்களா? "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்கிறது லேவியராகமம் 19. சனிக்கிழமை சாயங்காலம் "திங்கள்கிழமை வாங்கிக்கோ" என்று சொல்லாதீர்கள். அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறு அந்தக் கூலியில்தான். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டா? அவர் ஞாயிறு காலை உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் கோயிலில் பாடிக்கொண்டிருந்தால் அதை இந்த வாரமே மாற்றிவிடலாம்.

சம்பளம் வாங்குகிற இடத்தில் இருப்பவர்களுக்கு: சொன்ன நேரத்துக்குப் போவது, மேலதிகாரி இல்லாதபோதும் அதே வேலையைச் செய்வது, ஃபைலை நகர்த்த யாரிடமும் எதுவும் எதிர்பார்க்காதது. "எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்று கொலோசெயர் நிருபத்தில் பவுல் எழுதியது அடிமைகளுக்கு. கூலியும் இல்லாத, மரியாதையும் இல்லாத வேலையைச் செய்தவர்களுக்கே அந்த வசனம் பெலன் கொடுத்தது என்றால், நமக்கும் கொடுக்கும்.

வட்டியைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. அதற்கு அப்புறமும், 2017-இல் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே, குழந்தைகளோடு, நம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் தீக்குளித்தது. அதை மறக்கவே கூடாது. ஞாயிறு காலை முதல் வரிசையில் உட்கார்ந்து, திங்கள் காலை நாள் வட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் வசூலுக்குப் போகிறவர் எந்தச் சபையில் இருந்தாலும், அவருக்கு நான் சொல்லக்கூடியது, அநியாயமாக வரி வசூலித்த சகேயுவின் கதைதான். இயேசு அவன் வீட்டில் தங்கினார். அவன் கணக்கு நோட்டை எடுத்தான். அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். புதிதாக விசுவாசத்துக்கு வருகிற உங்களுக்கும் யாருக்காவது திருப்பிக் கொடுக்க வேண்டியது இருந்தால் ஒரு பட்டியல் போடுங்கள். மாதம் கொஞ்சமாகக் கொடுத்தாலும் சரி, தொடங்கிவிடுங்கள்.

"என் வேலையே சரியில்லையோ?" என்ற கேள்வி சிலருக்கு வரும். பீடி சுற்றுகிற அக்காமார் இதைக் கேட்டு அழுததைப் பார்த்திருக்கிறேன். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வாங்குகிற கூலியைத் தவிர வேறு வருமானம் இல்லாத வீட்டில், அவர்களைக் குற்றவாளியாக்குவது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். வேறு வழி தேடித் தர உதவ வேண்டியது சபை. 1830-இல் பாளையங்கோட்டையில் மிஷனெரியான ரேனியஸ் ஐயர் (போதகரை இங்கே ஐயர் என்போம்) தர்ம சங்கம் ஏற்படுத்தியது இப்படிப்பட்ட தேவைக்குத்தான்: விசுவாசத்துக்கு வந்ததால் வீடும் நிலமும் இழந்தவர்களுக்கு இடம் வாங்கிக் குடியமர்த்த. யோவான் ஸ்நானன், வரி வசூலிக்கிற ஆயக்காரரைப் பார்த்து வேலையை விடுங்கள் என்று சொல்லவில்லை, கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதிருங்கள் என்றார். ஆகவே அவசரப்பட்டு வேலையை விடாதீர்கள். வேலைக்குள் இருக்கிற அநியாயத்தை முதலில் விடுங்கள். வேலையே அநியாயமாக இருந்தால், ஐயரிடமோ சபை ஊழியரிடமோ பேசி, வெளியே வர ஒரு திட்டம் போடுங்கள்.

காணிக்கையும் கல்யாணமும்

காணிக்கை பற்றி ஞாயிறுதோறும் கேட்கிறீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். சம்பளம் வந்த அன்றே முதலில் எடுத்து வையுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சியதில் கொடுக்கலாம் என்றால் மிஞ்சாது. வருமானம் இல்லாதவர்களுக்கு நம் ஊர் அம்மாமார் காட்டிய வழி பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் போட்டுவிடுவது. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, இந்தச் சீமையின் ஆட்கள் தெலுங்கு தேசத்துக்கு ஊழியத்துக்குப் போனபோது, அவர்களைத் தாங்கியது நம் கிராமத்து ஏழைச் சபைகளின் காசும் ஜெபமும்தான். சமைக்கிற கையே கொடுக்கிற கையாகவும் இருப்பதால் எனக்கு அந்தப் பழக்கத்தின் மேல் தனி மரியாதை உண்டு.

கல்யாணம்தான் பெரிய சோதனை. மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்கிறார்கள். ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்கிறார்கள். ஆனால் நகை எத்தனை பவுன், ரொக்கம் எவ்வளவு, கார் என்ன மாடல் என்பதெல்லாம் அதற்கு முன்பே வீட்டு முற்றத்தில் முடிந்துவிடுகிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பெண்ணைப் பெற்றவரின் கண்ணீரோடு வீட்டுக்கு வந்த பணத்தில் கர்த்தருக்கு என்ன மகிமை? மாப்பிள்ளைப் பையன்களே, பேச்சு தொடங்கும் முன்பே அம்மா அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். பெண் பார்த்து, காபி குடித்து, பெரியவர்கள் பேச உட்கார்ந்த பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். "எனக்கு ஒன்றும் வேண்டாம், அவர்களாகத்தான் தருகிறார்கள்" என்கிற பேச்சும் வேண்டாம். அவர்களாகத் தருவது எப்படிப்பட்ட நெருக்கடியில் என்று எல்லாருக்கும் தெரியும்.

சாதி

இதைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் கர்த்தருக்குக் கொடுத்துவிட்டு இதை மட்டும் கையில் வைத்துக்கொள்வது இந்தச் சீமையில் நடக்கிறது. வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதி பிரித்து உட்கார வைக்கக் கட்டிய சுவர் இருந்தது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. அதே வடக்கன்குளத்தில்தான் 1745-இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றார். உயர்ந்த இடத்தில் பிறந்தும் சாதி பாராமல் எல்லாரோடும் சமமாகப் பழகியவர், அதற்காகவும் பாடுபட்டவர். 2022-இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர் செய்யக்கூடியவை இவை. உங்கள் வீட்டில் வேலைக்கு வருகிறவருக்குத் தனி டம்ளர் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உங்களைவிட வயதில் மூத்த கூலித் தொழிலாளியை "நீ, வா, போ" என்று பேசுகிற பழக்கம் இருந்தால் "அண்ணாச்சி, வாங்க" என்று கூப்பிடப் பழகுங்கள். நாக்கு முதலில் தடுமாறும், பிறகு பழகிவிடும். பிள்ளையின் மணிக்கட்டைப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் சாதிக்கு ஒரு நிறத்தில் கயிறு கட்டுகிற வழக்கம் நம் மாவட்டத்தில் எவ்வளவு இரத்தத்தைக் கொண்டுவந்திருக்கிறது என்று தெரியும். அந்தக் கயிற்றை நீங்களே அவிழ்த்து, ஏன் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். அசனத்தில் உங்கள் சொந்தக்காரர் பந்தியைத் தேடிப் போகாமல் கிடைத்த இடத்தில் உட்காருங்கள். சபைத் தேர்தலில் "நம்ம ஆளு" என்பதற்காக ஓட்டுப் போடாதீர்கள். கர்த்தருடைய பந்தியாகிய திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்குகொண்டுவிட்டு, வீட்டில் பாத்திரத்தைப் பிரிப்பது பொய்.

வீட்டில்

வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் விசுவாசிக்கிறீர்கள் என்றால் நிலைமை வேறு. நெல்லையப்பர் தேருக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து தனியாகக் கோயிலுக்கு வருகிற பெண்பிள்ளைகளை, பையன்களை நினைத்து இதை எழுதுகிறேன். அம்மாவின் விளக்கையோ படத்தையோ பற்றி ஒரு வார்த்தையும் இழிவாகப் பேசாதீர்கள். உங்களால் மனசாட்சிப்படி செய்ய முடியாதது எது என்பதை ஒரு முறை, தணிந்த குரலில், மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். மற்றபடி முன்பைவிட அதிகமாக வீட்டு வேலை செய்யுங்கள், அப்பாவின் மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுங்கள், ரேஷன் கடைக்குப் போய் வாருங்கள். தகப்பனையும் தாயையும் கனம்பண்ணுவது பத்துக் கட்டளைகளில் ஒன்று. யாராவது உங்களை ஞானஸ்நானத்துக்கு அவசரப்படுத்தினால், யோசிக்க நேரம் கேளுங்கள்.

பாளையங்கோட்டையில் இந்தச் சபை தொடங்கியதே தனியாக வந்த ஒரு பெண்ணிடமிருந்துதான். குளோரிந்தா, மராட்டியப் பிராமணக் குடும்பத்து விதவை. மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் 1778-இல் ஞானஸ்நானம் பெற்றார். 1785-இல் அவர் முயற்சியில் எழுந்த சிறிய கோயிலை ஊரார் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றார்கள். கிணறும் வெட்டினார். ஜெபிக்க ஒரு இடம், குடிக்கத் தண்ணீர், இரண்டும் அவருக்கு ஒன்றாகவே தெரிந்திருக்கிறது.

குடும்பமாக விசுவாசிக்கிறவர்களுக்கு மாலை ஜெபம். பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள், பிள்ளைகள் வெறுத்துவிடுவார்கள். பாமாலையிலோ கீர்த்தனையிலோ ஒரு பாட்டு, சில வசனம், ஒவ்வொருவரும் அன்றைக்கு நன்றி சொல்ல ஒரு காரியம். சின்னப் பிள்ளை "பரோட்டா வாங்கிக் கொடுத்ததுக்கு ஸ்தோத்திரம்" என்றால் சிரிக்காமல் ஆமென் சொல்லுங்கள். பகலில் பிள்ளையை அநியாயமாகத் திட்டியிருந்தால், பாட்டுத் தொடங்கும் முன் அப்பா மன்னிப்புக் கேட்கட்டும். காணிக்கையைப் பலிபீடத்தில் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்றார் இயேசு. வீட்டு ஜெபத்துக்கும் அது பொருந்தும்.

உடம்பும் ஓய்வும்

ஞாயிறு மாலை ஃபோனை அலமாரியில் வைத்துவிட்டு, பெரியவர்கள் யாரையாவது போய்ப் பார்த்து வாருங்கள். லெந்துக் காலத்தில் கறி, மீனை விடுகிறவர்கள் புறணி பேசுவதையும் சேர்த்து விட்டால் நல்லது. நேரத்துக்குத் தூங்குவதும் விசுவாசம்தான். "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்கிற நான்காம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுங்கள்.

நோயில் படுத்திருப்பவர்கள் "என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லையே" என்று வருந்துவார்கள். டோனாவூரில் மிஷனெரி ஆமி கார்மைக்கேல் அம்மா 1931-இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு, 1951-இல் இறக்கும் வரை பெரும்பாலும் தன் அறைக்குள்தான் இருந்தார். அந்த அறையிலிருந்தே எழுதினார், பிள்ளைகளுக்காக ஜெபித்தார், வந்தவர்களைத் தேற்றினார். கட்டிலில் இருந்து செய்யக்கூடிய வேலை உண்டு: தெருவில் ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லி ஜெபிக்கலாம். வலி அதிகமான நாளில் "ஆண்டவரே" என்ற ஒரு வார்த்தை போதும்.

இரவு நோட்டும் ஒரு துணையும்

படுக்கும் முன், நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த ஒரு இடத்தில் இன்றைக்கு என்ன நடந்தது என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். தவறியிருந்தால் அதையும் எழுதி, அறிக்கையிட்டு, மன்னிப்பைப் பெற்றுக்கொண்டு தூங்குங்கள். "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருந்து மன்னிக்கிறார் என்று யோவான் எழுதியிருக்கிறார். பல நாள் ஜெபத்தில் ஒன்றுமே உணராமல் போகும். அந்த நாட்களிலும் கூலியை நேரத்துக்குக் கொடுக்கலாம், தராசைச் சரியாக வைக்கலாம். உணர்ச்சி வராததால் ஒப்புக்கொடுத்தது செல்லாமல் போவதில்லை.

இதைத் தனியாகச் செய்ய முடியாது. உங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் கீழுள்ள சபைகளில்) வயதில் மூத்த, வாயை அடக்கத் தெரிந்த ஒருவரைத் தேடுங்கள். பதவியில் இருப்பவராக இருக்க வேண்டியதில்லை. வேலையிலும் வீட்டிலும் நல்ல பெயர் உள்ளவரா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்றிருப்பது நல்லது. "அண்ணாச்சி, மாசத்துக்கு ஒரு தடவை நீங்க எங்கிட்ட இதைப் பத்திக் கேக்கணும்" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். மறுத்தால் வேறொருவரைக் கேளுங்கள்.

திருவிருந்து ஆராதனைக்கு முந்தின சனிக்கிழமை மாலை சந்திப்பது பலருக்கு வசதியாக இருக்கிறது. திருவிருந்துக்கு ஆயத்தப்படுவதும் அதிலேயே நடந்துவிடும். நோட்டைக் கொண்டுபோங்கள். அவர் உபதேசம் செய்ய வேண்டாம், கேட்டால் போதும். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உங்களுக்கு வெட்கமாக இருக்கிறதோ, அந்தக் கேள்வியை ஒரு சீட்டில் எழுதி முன்கூட்டியே அவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் அதையே முதலில் கேட்கட்டும்.